களப்பு வாயில் ஒரு பறுவ இரவு: தூண்டில்காரர்களின் இடத் தகராறு பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

இதில் வரும் இடம், திருகோணமலை மாவட்டத்தில் களப்பு கடலோடு சேரும் வாய்களில் ஒன்று. இறக்கக்கண்டி, சலப்பையாறு, கிண்ணியா, உப்பாறு, வெருகல் என்று அப்படிப்பட்ட வாய்கள் இங்கே பல உண்டு. எது என்று எழுதப்போவதில்லை. எழுதினால், எந்தச் செயலால் இந்தத் தகராறு வந்ததோ அதையே இந்தக் கட்டுரையும் செய்ததாகிவிடும். சம்பந்தப்பட்டவர்களின் பெயர்களையும் விட்டுவிட்டேன்.

நடந்தது சுருக்கமாக இதுதான். கைத்தூண்டில் போடும் ஒரு பெரியவர், நகரத்திலிருந்து வரும் ஓர் இளைஞருக்குத் தன் இடத்தை, பாலத்தடியில் இருக்கும் ஒரு கல்லைக் காட்டினார். இளைஞர் அங்கே பிடித்த மீனின் படத்தையும், கேட்டவர்களுக்கு இடத்தின் வரைபடக் குறியையும் அனுப்பினார். ஒரு போயா விடுமுறையில், அதாவது பறுவ (முழுநிலவு) நாளில், வான் நிறைய வெளியூர் ஆக்கள் வந்து இறங்கினார்கள். பெரியவரின் நூல் மூன்று தடவை அறுந்தது. வாய்த்தர்க்கம் ஆகி, கடைசியில் வானின் டயர்களில் காற்று இறக்கப்பட்டது. யாருக்கும் அடி விழவில்லை. ஆனால் அது எதுவரை போயிருக்கும் என்பது இந்த ஊரில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும்.

அன்றிரவு நான் பாலத்தின் மேலே நின்று போட்டுக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டுத்தான் கீழே இறங்கினேன். அதற்குப் பிறகு பெரியவர், இளைஞர், வானில் வந்தவர்களில் இருவர், தேத்தண்ணிக் கடைக்காரர், காற்று இறக்கிய பையன் என்று எல்லாரிடமும் தனித்தனியாகக் கேட்டேன். பெரியவரை அந்தப் பக்கத்தில் எல்லாரும் நானா என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

தண்ணீர் ஓடும் விதம்

சண்டை எதற்கு என்று விளங்க வேண்டுமென்றால் முதலில் அந்தத் தண்ணீரை விளங்கிக்கொள்ள வேண்டும்.

இலங்கைக் கரையில் வற்றுப்பெருக்கு பெரிது இல்லை. பறுவத்திலும் அமாவாசையிலும்கூட திருகோணமலையில் கடல் மட்டம் ஏறி இறங்குவது ஒரு மீற்றரைத் தொடாது. ஆனால் களப்பு அகன்று வாய் ஒடுங்கியிருக்கும் இடத்தில் அந்தச் சின்ன ஏற்ற இறக்கமே போதும். உள்ளே போகிற தண்ணீர் முழுவதும் பாலத்துக்குக் கீழே உள்ள ஒடுக்கத்தால்தான் போக வேண்டும், அதே வழியால்தான் திரும்பி வரவும் வேண்டும். ஓட்டம் பிடித்துவிட்டால் சின்ன ஈயக்குண்டு அடியில் நிற்காது.

அந்த ஓட்டம் பாலத் தூணில் மோதிப் பிரியும்போது, தூணுக்குப் பின்னால் தண்ணீர் தணிந்த ஒரு சின்ன இடம் உருவாகும். செப்பலி, கலவாய், கொடுவா என்ற மீன்கள் மூன்றும் அங்கேதான் நிற்கும். தலையை ஓட்டத்துக்கு எதிராக வைத்துக்கொண்டு, ஓட்டம் கொண்டுவரும் இறாலையும் குஞ்சு மீனையும் பார்த்துக்கொண்டிருக்கும். இரவில் பாலத்து விளக்கு தண்ணீரில் விழும் இடத்தில் சின்ன மீன் சேரும். வெளிச்சம் முடிந்து இருட்டுத் தொடங்கும் கோட்டில் பெரிய மீன் காத்திருக்கும். ஓட்டம் திரும்பினால் தணிந்த இடம் தூணின் மறுபக்கத்துக்குப் போய்விடும். மீனும் மாறிவிடும்.

இங்கே ஒரு நாளில் இரண்டு தடவை தண்ணீர் ஏறும், இரண்டு தடவை வற்றும். ஏறக்குறைய ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திசை மாறும். கடல் மட்டம் திரும்பினாலும் வாயில் ஓட்டம் கொஞ்சம் பிந்தித்தான் திரும்பும். பழைய ஆக்களுக்கு இதற்கு அட்டவணை தேவையில்லை, தண்ணீரில் மிதந்து போகும் சருகைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். எல்லாரும் சண்டை பிடித்த அந்தக் கல் இருக்கிறதே, பெருக்கு உள்ளே ஏறும் நேரத்தில் மட்டும்தான் அது நல்ல இடம். வற்றத் தொடங்கினால் அங்கே நிற்பதில் பிரயோசனமே இல்லை. இந்த விசயம் நானாவுக்குத் தெரியும், வானில் வந்தவர்களுக்குத் தெரியாது. அவர்கள் மாலையிலிருந்து நடுச்சாமம் வரை அந்தக் கல்லை விட்டு அசையவில்லை. அதில் பாதி நேரம் வீண்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இதை யாரும் கவனித்துப் பேசி நான் கேட்டதில்லை. பறுவத்தை ஒட்டித்தான் ஓட்டம் பலமாகும், மீன் நன்றாகக் கடிக்கும். அதே பறுவத்தன்றுதான் நாடு முழுவதும் போயா விடுமுறை. வெள்ளிக்கிழமையோ திங்கட்கிழமையோ போயா வந்தால் நீண்ட வார இறுதியும் சேர்ந்துவிடும். ஆக, உள்ளூர்க்காரர் ஒரு மாதமாகக் காத்திருந்த தண்ணீரும் வெளியூர்க்காரருக்குக் கிடைத்த லீவும் ஒரே இரவில் வந்து விழுகின்றன. அதிலும் வாடைக்காற்று முடிந்து கடல் அமரும் சித்திரையிலிருந்து கச்சான் எனும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்கள் வரை கிழக்குக் கரைக்குச் சனம் குவியும். கூட்டம் தற்செயலாக வருகிறது என்று நினைத்தால் ஒவ்வொரு பறுவத்துக்கும் ஆச்சரியப்பட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

ஆக்கள்

நானா பாலம் வருவதற்கு முன்பிருந்தே அந்த வாயில் தூண்டில் போடுகிறவர். அவரிடம் ரொட் எனும் தூண்டில் கம்பும் இல்லை, ரீலும் இல்லை. ஒரு வெறும் பிளாஸ்டிக் போத்தலில் தங்கூசி எனும் நைலோன் நூலைச் சுற்றி வைத்திருப்பார். நுனியில் ஈயக்குண்டு, அதற்கு மேலே ஒற்றை முள், இரை பெரும்பாலும் இறால். நூலை ஆட்காட்டி விரலின் மேலால் விட்டு, கட்டைவிரலால் லேசாக அணைத்துக்கொண்டு குந்தியிருப்பார். அந்த விரலின் ஓரத்தில் நூல் ஓடி ஓடித் தோல் தடித்து ஒரு கோடு விழுந்திருக்கிறது. கீளி மீன் கொத்தினால் அந்தக் கோட்டில் தட்டித் தட்டித் தெரியுமாம். செப்பலி என்றால் தட்டாது, ஒரே இழுவைதான், இழுத்துக்கொண்டு நேரே தூணுக்குள் ஓடும். அந்த ஒரு நொடியில் மறித்துப் பிடிக்காவிட்டால் நூல் தூணில் உரசிப் போய்விடும். பிடிக்கும் மீனில் வீட்டுக்குப் போக மிச்சத்தை விற்பார். அந்தப் பணம் அவருக்குத் தேவை.

யுத்த காலத்தில் இரவில் கரையில் இறங்குவது நினைத்துப் பார்க்க முடியாத காரியம். பாஸ், சோதனைச் சாவடி, நேரக் கட்டுப்பாடு எல்லாம் இருந்தன. அதற்குப் பிறகு வீதி திறந்தது. 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் 2009 ஒக்டோபரில் திறக்கப்பட்டது. மட்டக்களப்பு வீதியில் படகுப்பாதைக்குக் காத்துக்கிடந்த மற்ற இடங்களிலும் பாலங்கள் வந்தன. அவை எல்லாம் தூண்டில்காரருக்கு நல்ல நிற்குமிடங்களும்கூட. கொழும்பிலிருந்து சுமார் 260 கிலோமீற்றர். காலையில் சாப்பிட்டுவிட்டுப் புறப்பட்டால் பின்னேரம் இங்கே நூலை எறியலாம். இது நல்ல விசயம்தான். யாரும் வரக்கூடாது என்று சொல்கிற உரிமை எவருக்கும் இல்லை, அப்படிச் சொல்கிற நிலைமை எங்கள் ஊருக்குத் திரும்பவும் வரக்கூடாது.

இளைஞர் நகரத்தில் ஓர் அலுவலகத்தில் வேலை. ஸ்பின்னிங் ரொட்டும் செயற்கை இரையுமாக வந்து பாலத்தின் மேலே நின்று எறிந்துகொண்டிருப்பார். ஒரு நாள் நானாவுக்குப் பெரிய கொடுவா ஒன்று பட்டுக் கரைக்கு ஏற்ற முடியாமல் தடுமாறியபோது, கேட்காமலே அத்தாங்கு எனும் கைவலையை எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கியவர் இவர்தான். அன்றோடு பழக்கம். கொஞ்சக் காலத்தில் நானா அவரைக் கீழே கூட்டிக்கொண்டுபோய் அந்தக் கல்லைக் காட்டினார். எந்த ஓட்டத்துக்கு எங்கே விட வேண்டும், எத்தனை பாகம் (விரித்த இரு கைகளின் நீளம்) நூல் போக வேண்டும் என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தார்.

அங்கே அவருக்கு ஒரு பாரை பட்டது. பெரிய பாரை. மீனைத் தூக்கிப் பிடித்தபடி எடுத்த படத்தில் பாலத் தூணும் விளக்குக் கம்பமும் கரையும் தெளிவாகத் தெரிந்தன. வாட்ஸ்அப்பில் கூட்டாளிமாருக்கு அனுப்பினார். எங்கே என்று கேட்டவர்களுக்கு வரைபடக் குறியையும் அனுப்பினார். அதில் கெட்ட எண்ணம் துளியும் இல்லை, மீன் பிடித்த சந்தோசம்தான். அது போனுக்குப் போன் கைமாறி, அவருக்கு முன்பின் தெரியாதவர்களிடம் போய்ச் சேர்ந்தது.

வானில் வந்தவர்கள் தமிழரும் சிங்களவரும் கலந்த ஒரு கூட்டம், ஒன்றாக வேலை செய்கிறவர்கள். ஐஸ் பெட்டி, சாப்பாடு, மடக்குக் கதிரை எல்லாம் கொண்டுவந்திருந்தார்கள். வந்ததும் முதலில் ஓட்டோக்காரர் ஒருவரிடம் இங்கே தூண்டில் போடலாமா என்று கேட்டிருக்கிறார்கள். அவர் தாராளமாகப் போடுங்கள் என்றிருக்கிறார். அவர்கள் கணக்கில் அனுமதி கேட்டாயிற்று. இதை நான் முக்கியமாகப் பார்க்கிறேன். அடாவடியாக வந்து புகுந்தவர்கள் இல்லை அவர்கள்.

அந்த இரவு

நானா இஷாத் தொழுகை முடித்துவிட்டு வந்தார். கல்லிலும் அதைச் சுற்றியும் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். அவர் பின்னால் போய்க் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, "என்ன தம்பி, கடிக்குதா?" என்று கேட்டார். ஒருவர் திரும்பிப் பார்த்து, "இன்னும் இல்ல அங்கிள்" என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் எறியத் தொடங்கினார்.

இங்கே என்ன நடந்தது என்பதைக் கவனியுங்கள். அந்தக் கரையில் இடம் கேட்பதே அப்படித்தான். வந்தவர் பின்னால் நின்று கடிக்கிறதா என்று கேட்பார். இடம் இருந்தால், "வாங்க நானா, இந்தப் பக்கம் போடுங்க" என்று பதில் வரும். நெருக்கம் என்றால், "ஓட்டம் சரியில்ல" என்பார்கள், வந்தவர் வேறு இடம் பார்ப்பார். நேராகக் கேட்பதும் இல்லை, நேராக மறுப்பதும் இல்லை. ஆக நானா முறைப்படி கேட்டுவிட்டார், அவருக்கு இடம் இல்லை என்று பதிலும் கிடைத்துவிட்டது. எதிரே நின்றவருக்கோ யாரோ ஒருவர் சுகம் விசாரித்துவிட்டுப் போனதாகத்தான் பட்டது. தன்னிடம் ஏதோ கேட்கப்பட்டது என்றே அவருக்குத் தெரியாது. பிறகு போனில் பேசியபோது நான் இதைச் சொன்னதும் அவர் நெடுநேரம் பேசாமல் இருந்தார். தெரிந்திருந்தால் எழும்பி இடம் விட்டிருப்பேன் அண்ணன் என்றார். நான் நம்புகிறேன்.

நானா கல்லுக்குக் கீழ்ப்பக்கமாக, ஓட்டம் போகிற திசையில் தள்ளிப் போய்க் குந்தினார். கல்லில் நின்றவர்கள் எறிந்த செயற்கை இரை ஓட்டத்தோடு வளைந்து இவருடைய நூலின் மேல் வந்து விழுந்தது. அவர்களுடைய ரீலில் இருந்தது பிரெய்ட் எனும் பின்னல் நூல். பின்னல் நூல் இறுகிய நிலையில் தங்கூசியின் மேல் ஓடினால் தங்கூசி நிற்காது, அறுத்துவிடும். முதல் தடவை விரலில் ஒரு சுரண்டல் தெரிந்ததாம், அடுத்த கணம் கனமே இல்லை. ஈயமும் முள்ளும் போய்விட்டன. அவர் எதுவும் பேசாமல் இன்னொன்று கட்டினார். அதுவும் போனது. மூன்றாவது தடவை அறுந்தபோது நூலில் மீன் இருந்தது. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு முள்ளும் ஈயமும் தங்கூசியும் விற்கிற விலையில் இது சின்ன இழப்பு இல்லை. ஆனாலும் மீன்தான் அவரை எழுப்பிவிட்டது.

எழும்பிச் சத்தம் போட்டார். கடுமையான வார்த்தைகள்தான். கல்லில் நின்ற ஒருவர், "கடல் என்ன உங்கட அப்பன்ட சொத்தா?" என்று கேட்டுவிட்டார். அந்தக் கேள்விக்குப் பிறகு எந்தப் பேச்சும் நல்லபடி முடியாது. பாலத்தின் மேலே நின்றவர்களும் பக்கத்தில் வீசுவலையோடு நின்ற பொடியன்களும் இறங்கி வந்தார்கள். இதற்குள் ஒரு பையன் போய் வானின் இரண்டு டயர்களில் காற்றை இறக்கிவிட்டான்.

உள்ளூர்ப் பக்கம் நின்றவர்களிலும் மூன்று சமூகத்தவரும் இருந்தார்கள், வானில் வந்தவர்களும் கலந்தே வந்தவர்கள். அப்படியிருந்தும் பத்து நிமிடத்துக்குள், கூட்டத்தின் பின்னால் நின்ற யாரோ அவங்கட ஆக்கள், எங்கட ஆக்கள் என்று பேசத் தொடங்கிவிட்டார்கள். எனக்கு வயிறு கலங்கியது அப்போதுதான். அறுந்துபோன ஒரு தூண்டில் முள், விடிவதற்குள் இரண்டு இனங்களுக்கு இடையிலான விவகாரமாகப் போய்விடும். இந்த ஊர் அதற்குக் கொடுத்த விலையை யாரும் மறக்கவில்லை.

நிலைமையைத் தணித்தவர் தேத்தண்ணிக் கடைக்காரர். இரு பக்கத்திலும் யாரிடமும் நியாயம் கேட்கவில்லை. எல்லாருக்கும் பிளேன்ரீ ஊற்றினார். டயர் ஒட்டும் கடைக்காரரைப் போனில் எழுப்பினார். காற்று இறக்கிய பையனையே அவரை ஏற்றிக்கொண்டு வர அனுப்பினார். டயர் நிரம்பி முடியும்வரை எல்லாரும் அங்கே நிற்க வேண்டியிருந்தது. நிற்க நிற்கக் கோபம் இறங்கியது.

எங்கே பிழைத்தது

வானில் வந்தவர்கள் அந்தக் கல்லில் நின்றது பிழையா? இல்லை. முதலில் வந்தவர் நிற்பது எங்கும் உள்ள வழக்கம், எந்தக் கல்லில் யார் நிற்பது என்று எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்காது. கடற்றொழிலுக்கான 1996 ஆம் ஆண்டின் சட்டம் வெடி வைப்பதையும் நஞ்சு போடுவதையும் தடுக்கும். மரியாதையை நாங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் ஓட்டத்தின் கீழே ஒருவர் நூல் விட்டிருக்கிறார் என்று தெரிந்த பிறகும், ஒரு தடவை அறுந்த பிறகும், தொடர்ந்து அதே திசையில் எறிந்தது பிழை. நூல் சிக்கினால் யார் பெரியவர் என்று பார்க்காமல் இரண்டு பேரும் நூலைத் தளர்த்தி, சிக்கை எடுத்து, முள்ளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இது எந்த ஊர்க் கரைக்கும் பொது. அவர்கள் இருட்டில் கவனிக்கவில்லை என்கிறார்கள். இரண்டாவது தடவையும் கவனிக்கவில்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

காற்று இறக்கியது பச்சைப் பிழை. நடுச்சாமத்தில், தெரியாத ஊரில், வாகனத்தை ஓட முடியாமல் ஆக்குவது ஆளைச் சிறைப்பிடிப்பது போன்றது. இதில் இரண்டாம் பேச்சுக்கு இடமில்லை.

பெரிய கேள்வி இளைஞரைப் பற்றியது. பேசவென்று பிறகு ஒருநாள் கடையில் கூடியபோது நானா அவரைப் பார்த்து, "மகன், இது நான் உனக்குக் காட்டின இடம். உனக்குத் தந்த இடமில்ல" என்றார். இளைஞருக்குக் கண் கலங்கிவிட்டது. "நானா, நீங்க யாருக்கும் சொல்ல வேணாம்னு சொல்லவே இல்லையே" என்றார். "அதையும் சொல்லித்தான் தெரியணுமா?" என்று கேட்டார் நானா.

ஆமாம், சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பது என் முடிவு. ஒரே கரையில் பிறந்து, மாமன் மச்சானோடு கடலுக்குப் போய் வளர்ந்தவர்களுக்கு இதெல்லாம் சொல்லாமலே வந்துவிடும். கரைவலைக்காரர்களைப் பாருங்கள். எந்தக் கரைத்துண்டு யாருடைய பாடு, எந்த முறையில் யார் வலை வளைப்பது என்று அவர்களிடம் தெளிவான ஒழுங்கு உண்டு. ஒருவர் முறையில் வளைத்து முடிந்தால் அடுத்தவர் முறை வரும். அங்கே ஆளுக்குச் சொந்தமானது முறைதான், தண்ணீர் இல்லை. கச்சான் காலத்தில் நீர்கொழும்பு, சிலாபம் பக்கமிருந்து கிழக்குக்கு வந்து வாடி எனும் தற்காலிகக் குடிசை போட்டுத் தொழில் செய்கிறவர்களும் கரையில் உள்ளவர்களோடு பேசித்தான் இறங்குவார்கள், பருவம் முடிந்தால் போய்விடுவார்கள். அதிலும் தகராறு வந்திருக்கிறது, வருகிறது. ஆனால் யாரிடம் போய்ப் பேசுவது என்று எல்லாருக்கும் தெரியும்.

தூண்டில்காரருக்கு அப்படி எதுவும் இல்லை. பொழுதுபோக்குக்கு வருபவருக்குச் சங்கமும் இல்லை, முறையும் இல்லை, இந்தக் கரையில் உறவும் இல்லை. அவருக்கு இடத்தைப் பற்றிக் கிடைக்கும் ஒரே அறிவு ஒரு வரைபடக் குறிதான். அந்தக் குறி இடத்தை மட்டும்தான் காட்டும். அங்கே யார் குந்தியிருக்கிறார், எந்த ஓட்டத்தில் யார் எந்தப் பக்கம், எப்படிக் கேட்பது என்பதெல்லாம் அதில் வராது. ஆளை நேரில் கூட்டிக்கொண்டு போனால் இடத்தோடு சேர்த்து அதுவும் கைமாறும். இளைஞர் செய்ததில் சேதம் விளைவித்தது இதுதான். அவர் ரகசியத்தை உடைத்தார் என்பதைவிட, மரியாதையைக் கழற்றிவிட்டு இடத்தை மட்டும் அனுப்பினார் என்பதே சரி.

இன்னொரு வித்தியாசத்தையும் தூண்டில்காரர்கள் பார்க்க வேண்டும். பாரை ஓடித் திரியும் மீன். இன்று வரும், நாளை போகும். பாரைக்கான இடத்தைப் பத்துப் பேரோடு பங்கிட்டால் பெரிய நட்டமில்லை. செப்பலியும் கலவாயும் அப்படி இல்லை. ஒரு தூண், ஒரு கல்லிடுக்கு என்று பிடித்துக்கொண்டு நிற்பவை. ஒரு வார இறுதியில் பத்து ரொட் அந்தத் தூணைச் சுற்றி வேலை செய்தால் அங்கே நின்றதெல்லாம் ஐஸ் பெட்டிக்குள் போய்விடும், திரும்ப நிரம்ப நெடுநாள் எடுக்கும். கொடுவா சின்ன வயதில் ஆணாக இருந்து வளர்ந்த பிறகு பெண்ணாக மாறும் மீன், ஆகவே பெரியதெல்லாம் பெரும்பாலும் முட்டையிடும் மீன்கள். இளைஞர் அனுப்பியது பாரையின் படம். வந்தவர்கள் காலி செய்தது செப்பலியின் தூணை.

பேசி வந்த ஒழுங்கு

கடையில் கூடியபோது வானில் வந்தவர்களில் இருவர் போனில் சேர்ந்துகொண்டார்கள். ஒரு பலகை நட்டு விதிகளை எழுதி வைக்கலாம் என்று யாரோ சொன்னார்கள். நானா மறுத்துவிட்டார். பலகை வைத்தால் இங்கே மீன் இருக்கிறது என்று நாங்களே விளம்பரம் போடுவதாகிவிடும் என்றார். அது சரியான பேச்சு.

நல்ல யோசனை பாலத்தின் மேலே நிற்கும் ஒருவரிடமிருந்து வந்தது. எறிகிறவர்கள் ஓட்டத்தின் கீழ்ப்பக்கம் நிற்கட்டும், கைத்தூண்டில்காரர் மேல்பக்கம் கல்லில் இருக்கட்டும். எறிகிறவர் தனக்கும் கீழே, ஆக்களை விட்டு விலகின திசையில் எறிந்தால் செயற்கை இரை யாருடைய நூலின் மேலும் வந்து விழாது. ஓட்டம் திரும்பினால் மேல்பக்கம் கீழ்ப்பக்கமாகிவிடும். அப்போது எல்லாரும் நூலைச் சுற்றி எடுத்து இடம் மாறுவது. இதனால் யாரும் ஒரே கல்லில் இரவு முழுவதும் நிற்கும் பேச்சே எழாது. முறை மாறும் நேரத்தைத் தண்ணீரே சொல்லும், மணிக்கூடு பார்த்துச் சண்டை பிடிக்கவும் தேவையில்லை. கைத்தூண்டில்காரருக்கு இடையில் மூன்று பாகம், எறிகிறவர்களுக்கு இடையில் ஆறு பாகம் இடைவெளி என்றும் பேசிக்கொண்டார்கள். பாலத்தின் மேலே நிற்கிறவர்கள் நடைபாதையில் ஆள் வருகிறதா என்று பார்க்காமல் தலைக்கு மேலால் வீசக்கூடாது என்பதை நான்தான் சேர்த்தேன். ஈயத்தோடு முள் பறக்கிறது, பள்ளிப் பிள்ளைகள் நடக்கிற இடம் அது.

யாருக்காவது பெரிய மீன் பட்டால் பக்கத்தில் உள்ளவர்கள் நூலை எடுத்துவிட வேண்டும், டோர்ச்சைத் தண்ணீரில் அடிக்கக்கூடாது என்பதெல்லாம் எல்லாருக்கும் ஏற்கெனவே தெரிந்தவை. புதியவர் வந்தால் அவர் கேட்கும்வரை காத்திராமல் உள்ளூர்க்காரரே முதலில் வாயைத் திறந்து எங்கே நிற்கலாம் என்று சொல்ல வேண்டும் என்று கடைக்காரர் சொன்னது பலருக்கு முதலில் பிடிக்கவில்லை. எங்கள் இடத்துக்கு வருகிறவனை நாங்கள் வரவேற்க வேண்டுமா என்று ஒருவர் கேட்டார். ஆனால் அந்த இரவு அப்படி ஒரு வார்த்தை சொல்லப்பட்டிருந்தால் எதுவுமே நடந்திருக்காது என்பதை யாராலும் மறுக்க முடியவில்லை.

படம் எடுப்பது பற்றி இளைஞரே பேசினார். மீனைச் சீமெந்துத் தரையில் வைத்தோ வானம் மட்டும் தெரியும்படியோ எடுப்பது, இடத்தின் பெயரைப் போடாமல் மாவட்டத்தோடு நிறுத்துவது, குறி அனுப்பவே அனுப்பாமல் இருப்பது. யாரையாவது கூட்டி வருவதென்றால் ஒருவரை மட்டும், அதுவும் முதலில் காட்டியவரிடம் கேட்டுவிட்டு. இந்தக் கடைசி விசயத்தில் நான் கொஞ்சமும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஓர் இடத்தைக் காட்டுகிறவர் எத்தனையோ வெறுங்கையோடு திரும்பிய இரவுகளின் பலனைக் கையில் தருகிறார். அதை மூன்றாவது ஆளுக்குக் கொடுக்க முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்பது மிகக் குறைந்தபட்சம்.

பெரிய கொடுவாவை விட்டுவிடுவது பற்றி உடன்பாடு வரவில்லை. இளைஞர் விட வேண்டும் என்றார். நானா, "விடுறதுக்கு எனக்கு வசதி வேணும் மகன்" என்றார். அதற்கு மேல் அங்கே யாரும் அதைப் பேசவில்லை. பொழுதுபோக்குக்கு வருகிறவர் விடட்டும், வயிற்றுக்குப் பிடிக்கிறவரிடம் அதைக் கேட்க எங்களுக்கு உரிமையில்லை என்பது என் எண்ணம்.

அதற்குப் பிறகு

இடம் மாறும் ஒழுங்கு எதிர்பார்த்ததைவிட நன்றாக ஓடுகிறது. வானில் வந்தவர்களில் இருவர் பிறகு ஒருமுறை வந்தார்கள். நேரே கடைக்குப் போய் நானா எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். முள்ளும் ஈயமும் ஒரு பொதி கொண்டுவந்திருந்தார்கள். நானா மறுக்காமல் வாங்கிக்கொண்டார். அவர்கள் புறப்படும்போது, கரைவலை இழுக்கக் கை கொடுத்தவருக்குக் கறிக்கு மீன் கொடுப்பதுபோல, அன்று பட்ட செப்பலியில் ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

சரிவராதவையும் உண்டு. ஒருமுறை வெளியே போன குறியைத் திருப்பி எடுக்க முடியாது. அது இன்னும் போனுக்குப் போன் போய்க்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு நீண்ட விடுமுறைக்கும் யாராவது புதியவர்கள் அதைப் பார்த்து வருகிறார்கள், ஒவ்வொரு முறையும் யாராவது ஆரம்பத்திலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. இளைஞர் பல விடுமுறைகளில் தூண்டில் போடாமல் அந்த வேலையைத்தான் பார்க்கிறார். மழைக்காலத்தில் வெள்ளம் பாய்ந்து மணல் இடம் மாறியதில் அந்தக் கல்லின் முன்னால் இருந்த ஆழமும் குறைந்துவிட்டது. நானா இப்போது வேறொரு பக்கத்தில் போடுகிறார். இளைஞருக்கு அதைக் காட்டவில்லை, அவரும் கேட்கவில்லை. பேச்சு வழக்கம்போலத்தான் இருக்கிறது.

வீசுவலைக்காரரின் விசயம் அப்படியே கிடக்கிறது. ஓட்டம் திரும்பும் அந்தத் தணிந்த கொஞ்ச நேரத்தில், தூண்டில்காரர் இடம் மாறிக்கொண்டிருக்கும்போதுதான் அவர்கள் தூணடியில் வலை வீசுகிறார்கள். அதற்குப் பிறகு நெடுநேரம் மீன் அசையாது. அவர்களுக்கும் அந்தத் தண்ணீரில் உரிமை உண்டு, அவர்களையும் கூப்பிட்டுப் பேச வேண்டும் என்பதில் எல்லாருக்கும் சம்மதம். அவர்களில் மூத்தவர் நானாவின் சொந்த மருமகன். அவரிடம் யார் பேச்சைத் தொடங்குவது என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.